மூன்றாவது ஜன்னல்

மடிக்கணினி மூன்றாவது முறையும் சரியாகவே வேலை செய்தது. கொமுஜுனிக்கு அதைத் தூக்கி வாசலில் எறியலாம் போலிருந்தது.

காலை ஒன்பது மணியிலிருந்து இதே பாடுதான். ருகோமா மேட்டுத் தாய்சேய் நிலையத்தில் இருப்பது ஒரே ஒரு கணினி. சக்கரம் வைத்த தள்ளுமேசையில் ஏறி அது பதிவு மேசைக்குப் போகும், அங்கிருந்து பரிசோதனை அறைக்கு, கடைசியில் மருந்தறைக்கு. ஒவ்வோரிடத்திலும் திரையில் ஒரு ஃபார்ம் திறக்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் அதை ஜன்னல் என்றுதான் சொன்னார்கள். முதல் ஜன்னலில் பெயர், பிறந்த தேதி, ஒத்துக்கொள்ளாத மருந்து. இரண்டாவதில் நோய். மூன்றாவதில் மருந்து.

அவளுக்கு உதவியாக வந்திருந்த அமன்யா, ஊரிலேயே இல்லாத ஒரு பெண்ணைப் புதிதாக உண்டாக்கி, அவளுக்குப் பெனிசிலின் ஆகாது என்று முதல் ஜன்னலில் அடித்தான். மூன்றாவது ஜன்னலைத் திறந்ததும் உச்சியில் சிவப்பு எழுத்தில் ‘பெனிசிலின் ஆகாது’ என்று வந்து நின்றது. மூன்று பெண்களை உண்டாக்கினான். மூன்று தடவையும் வந்தது.

“இதைவிட ஒழுங்கா ஒரு கணினி இருக்க முடியாது, நியாபோ. என் தங்கச்சிக்கே பேசி முடிச்சிடலாம்,” என்றான். பெண்ணை மதிப்போடு அழைக்க அந்த ஊரில் நியாபோ, ஆணை அழைக்க செபோ.

அதுதான் கொமுஜுனியின் வயிற்றெரிச்சல். கணினி ஒழுங்கு என்றால் கெம்பபாசி பொய் சொல்கிறாள் என்று அர்த்தம்.

கெம்பபாசி அந்த நிலையத்தில் பத்தொன்பது வருடமாகப் பிரசவம் பார்க்கிறவள். செவ்வாய்க்கிழமை காலை ஒரிஷாபா என்ற இருபத்து மூன்று வயதுப் பெண், பிள்ளை பெற்ற ஆறாம் நாள், காய்ச்சலோடு வந்தாள். பதிவு செய்தது கெம்பபாசி. மருந்தறையில் பெனிசிலின் வகையைச் சேர்ந்த ஆம்பிசிலின் கொடுத்தார்கள். ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் முகம் வீங்கி, மூச்சு அடைத்து, அவளை நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. உயிர் இருக்கிறது. இன்னும் ஆக்சிஜனில்தான் இருக்கிறாள். பெனிசிலின் வகை எதுவும் ஆகாது என்று அவள் வாயால் சொன்னதை முதல் ஜன்னலில் அடித்தேன் என்கிறாள் கெம்பபாசி. கோப்பைத் திறந்தால் அந்த இடத்தில் ‘இல்லை’ என்று இருக்கிறது. வியாழனன்று விசாரணைக் குழு கணினியை நேரில் சோதித்துப் பார்த்தது, குறையே இல்லை. இன்று வெள்ளி. மதியம் இரண்டு மணிக்குத் தீர்ப்பு. தீர்ப்பு பாதகமானால் தாதியர் பதிவேட்டிலிருந்து அவள் பெயரை அடித்துவிடுவார்கள். தன் சார்பில் ஒருவரை அழைத்து வர அவளுக்கு உரிமை இருந்தது. அவள் அழைத்தது கொமுஜுனியை.

கொமுஜுனி ம்பராரா நகரத்துப் போலீசில் குற்றப்பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். தனியாகத் துப்பு வேலை தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. அமன்யா பல்கலைக்கழகத்தில் கணினிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பேருந்து நிலையத்தின் பக்கம் கைபேசி பழுது பார்த்தவன். ஒரு திருட்டுக் கைபேசி வழக்கில் சந்தேகத்தின் பேரில் அவனைப் பிடித்தாள்; அவன் திருடனில்லை என்று அவளே நிரூபிக்க வேண்டி வந்தது; அன்றிலிருந்து அவளோடு ஒட்டிக்கொண்டுவிட்டான்.

‘நான் செய்யவில்லை’ என்று சொல்கிறவர்களை கொமுஜுனி ஆயிரம் பேர் பார்த்திருக்கிறாள். கெம்பபாசி அப்படிச் சொல்லவில்லை. ‘நான் செய்தேன்’ என்றாள். அடித்தேன், அடுத்த ஜன்னலுக்கு அனுப்பினேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்று அதையே நாலு தடவை, ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். அழவும் இல்லை. அந்த நிதானத்தை நம்பித்தான் கொமுஜுனி இந்த மேட்டுக்கு ஏறி வந்திருந்தாள்.

மருந்தறைக்காரன் பரிகியேயிடம் கேட்டதில் ஒன்றும் பெயரவில்லை. மெலிந்த ஆள். கேட்ட கேள்விக்கெல்லாம், ஜன்னலில் என்ன இருந்ததோ அதைப் பார்த்துக் கொடுத்தேன் என்ற ஒரே பதில். கண்ணை மட்டும் பார்க்க மாட்டேன் என்றான். பயந்தவனா, மறைக்கிறவனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பதினொன்றரைக்கு மின்சாரம் போனது. கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால் திரையும் இருண்டது. வெளியே வரிசையில் இருந்த தாய்மார்கள் முனகிக்கொண்டே நிழலுக்கு நகர்ந்தார்கள். அமன்யா கீழே போய், சப்பாத்தியில் முட்டையைச் சுருட்டிய ரோலெக்ஸ் இரண்டு வாங்கி வந்தான். கொமுஜுனிக்குத் தின்னப் பிடிக்கவில்லை. இரண்டரை மணி நேரம்தான் மிச்சம், கையில் ஒரு துரும்பு இல்லை.

மருந்து மேசையின் ஓரத்தில், ஒரு மரக்கட்டையில் நிமிர்த்தி அடித்த நீள ஆணி. மருந்து கொடுத்ததும் அச்சாகி வரும் சீட்டுகளை அதில் குத்தி வைத்திருந்தார்கள். கை சும்மா இருக்காமல் கொமுஜுனி அவற்றைப் புரட்டினாள். போன வாரத்துச் சீட்டு ஒன்று: குழந்தைகளுக்கான இருமல் மருந்து, கால் கரண்டி. பிறந்த தேதி, 1 ஜனவரி 1990.

முப்பது வயசு தாண்டினவனுக்குக் கால் கரண்டி இருமல் மருந்தா என்று நினைத்தாள். இந்த இடத்தில் எழுத்துப்பிழைக்குக் கூடப் பஞ்சமில்லை என்று எரிச்சலோடு அடுத்ததைத் தள்ளினாள். இரும்புச்சத்து மாத்திரை, நாலாவது மாதக் கர்ப்பம். 1 ஜனவரி 1990. அதற்கடுத்தது அம்மைத் தடுப்பு ஊசி. அதுவும் 1 ஜனவரி 1990.

அவள் ஆணியிலிருந்து சீட்டுகள் மொத்தத்தையும் உருவினாள்.

பரிகியே குறுக்கே வந்தான். மேட்டுக் கிராமங்களில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி தெரியாது, எல்லாருக்கும் ஜனவரி ஒன்று என்று போடுவதுதான் வழக்கம் என்றான். அது உண்மைதான். கொமுஜுனியின் அண்ணனுக்கே அடையாள அட்டையில் ஜனவரி ஒன்றுதான்.

“தேதி சரி செபோ, வருஷமுமா?” என்றான் அமன்யா, வாயில் முட்டையோடு. “அம்மாவும் மகனும் ஒரே நாள்ல பிறந்திருக்காங்க. பிரசவம் பார்த்தவங்க திணறிப் போயிருப்பாங்க.”

பரிகியே மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இருவரும் தரையில் உட்கார்ந்து சீட்டுகளை நாள்வாரியாக அடுக்கினார்கள். நாலு மாதத்துச் சீட்டுகள். எடுத்த சீட்டில் எல்லாம் அதே பிறந்த நாள், ஒவ்வாமைக்கு எதிரே அதே ‘இல்லை’. புதன்கிழமை காலை வரைக்கும் அப்படி. புதன் பகல் பதினொன்று இருபதுக்கு அச்சான சீட்டில் முதன்முதலாக வேறொரு தேதி: 14 ஆகஸ்ட். அதற்குப் பின் வந்தவற்றில் பெரும்பாலும் ஆளுக்கொரு தேதி. இரண்டு பேருக்கு ஒவ்வாமையும் அச்சாகியிருந்தது. அமன்யா விசிலடிக்கப் போனான். அவள் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

ஒரிஷாபாவுக்கு நேர்ந்தது செவ்வாய். கணினி ஒழுங்கானது புதன். குழு சோதித்தது வியாழன். இரவல் சேலை கட்டி வந்த கணினியைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் கணக்கு ஓரிடத்தில் உதைத்தது. வியாழக்கிழமைச் சீட்டுகளில் நாலு, இன்று காலைச் சீட்டுகளில் இரண்டு, மறுபடியும் அதே 1990 என்று இருந்தன. புதனோடு சரியாகிவிட்டதென்றால் இவை எங்கிருந்து வந்தன? சரியாகவில்லை என்றால் காலையில் மூன்று தடவையும் எப்படிச் சிவப்பு எழுத்து வந்தது? குழுவிடம் இதைக் கொண்டு போனால் இந்த ஆறு சீட்டை எடுத்துக் காட்டியே அவளை வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள். கொமுஜுனி அந்த ஆறையும் தனியாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு பரிகியே பக்கம் திரும்பினாள்.

சத்தம் போடவில்லை. ஒரிஷாபாவின் சீட்டை மட்டும் எடுத்து அவன் முன் வைத்தாள்.

“இவ எந்த வருஷம் பிறந்தவன்னு உனக்குத் தெரியும். இந்தச் சீட்டு உன் கையிலதான் அச்சாச்சு. உன் ஜன்னல்ல அன்னிக்கு என்ன இருந்துச்சு?”

அவன் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “ஒண்ணும் இருக்காது நியாபோ. காலியாத்தான் திறக்கும். முதல்லேர்ந்தே அப்படித்தான். பேரையும் பதிவு எண்ணையும் நானே அடிச்சுக்குவேன்.”

அப்படிக் காலியாக வந்தால் முதல் ஜன்னலுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. வாசலில் எழுபது பேர் நிற்கும்போது யார் போய்ப் பார்ப்பது? ஒவ்வாமைக் கட்டத்தில் ‘இல்லை’ என்று தானாகவே வந்தது. இல்லை என்றுதான் அவன் நம்பினான். இதைச் சொன்னால் தன் வேலையும் போய்விடும் என்று மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை என்றான். கொமுஜுனிக்கு அவனை அறையவும் தோன்றியது, தண்ணீர் கொடுக்கவும் தோன்றியது.

அமன்யா ரோலெக்ஸ் சுற்றி வந்த தாளைக் கீழே வைத்தான். முதல்முறையாக முகத்தில் கேலி இல்லை.

“புரிஞ்சிடுச்சு நியாபோ. புரோகிராம் எழுதறப்ப கிளாஸ்னு ஒண்ணு செய்வோம். அச்சடிச்ச காலிச் சீட்டுப் புத்தகம் மாதிரி. பேர், பிறந்த தேதி, ஒவ்வாமைன்னு கட்டம் மட்டும் இருக்கும். அதுலேர்ந்து ஒரு சீட்டைக் கிழிச்சு ஒரிஷாபாவோட விவரத்தை எழுதினா அது ஒரு இன்ஸ்டன்ஸ். முதல் ஜன்னல் எழுதின அந்தச் சீட்டு அப்படியே ரெண்டாவது ஜன்னல் கைக்குப் போகணும், அப்புறம் மூணாவது கைக்கு. மூணு பேரும் ஒரே சீட்டைப் பார்க்கணும்.”

“பார்க்கலையா?”

“மூணாவது ஜன்னல் கை நீட்டி வாங்கவே இல்ல. ‘நியூ’ன்னு ஒரு வார்த்தையைப் போட்டு, தானே புதுசா ஒண்ணைக் கிழிச்சுக்கிச்சு. அதே புத்தகத்துச் சீட்டு, ஆனா காலிச் சீட்டு. சும்மா இருக்கட்டும்னு எழுதினவன் ஒரு தேதியைப் போட்டு வச்சிருப்பான். ஒவ்வாமைக்கு ‘இல்லை’. இவர் பேரையும் எண்ணையும் அடிச்சு சேமின்னு அமுக்கினதும், காலிச் சீட்டு போய் சிஸ்டர் எழுதின சீட்டு மேல உட்கார்ந்து அதை அழிச்சிடுச்சு. சிஸ்டர் அடிச்சது நிஜம். அது அங்கே இல்லாததும் நிஜம்.”

அப்படியானால் புதன்கிழமை யாரோ அந்த ஒரு வார்த்தையை எடுத்திருக்கிறார்கள். எடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

நிலையத்தில் கணினி தெரிந்தவன் ஒருவன்தான். துகுமே. ஜெனரேட்டர், தடுப்பூசிக் குளிர்பெட்டி, கணினி மூன்றையும் கட்டி மேய்ப்பவன். பின்புறக் கொட்டகையில், கிளம்பாத ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்து இழுத்துக் கை சிவந்து போயிருந்தான். கொமுஜுனி புதன்கிழமைச் சீட்டை நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், கயிற்றை விட்டான், எண்ணெய்த் தகரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டான். எதையும் மறுக்கவில்லை.

மூன்றாவது ஜன்னலை எழுதியது அவன்தான். நாலு மாதம் முன்பு, இரண்டே நாளில் வேண்டும் என்று நிலையத்தின் தலைவர் டாக்டர் கபகம்பே கேட்டதால் அவசரமாக எழுதினானாம். ஒரிஷாபாவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் புதனன்று காலை திறந்து பார்த்தான். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அந்த வார்த்தையை எடுத்தான். இரண்டாவது ஜன்னல் வைத்திருக்கும் அதே நோயாளியை மூன்றாவதின் கையில் கொடுத்தான்.

“அப்புறம் நேத்து குழு சோதிச்சப்ப பக்கத்துலதான நின்ன?” என்றாள்.

“நின்னேன்.”

“அந்தம்மா முகத்தைப் பார்த்துக்கிட்டு?”

அவன் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தான். புதன்கிழமை டாக்டருக்கு எழுதிய கடிதத்தின் நகல். தவறு தன்னுடையது, கெம்பபாசியின் மீது குற்றமில்லை, எல்லா நோயாளிகளின் கோப்பையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று இருந்தது. கீழே பெற்றுக்கொண்டதற்கான முத்திரை, டாக்டரின் கையெழுத்து. அடுத்த வாரம் உரிமம் புதுப்பிக்க ஆய்வுக்கு வருகிறார்கள், அது முடியட்டும், அதுவரை மூச்சு விடாதே என்றாராம் டாக்டர். விசாரணைக் குழுவின் தலைவரும் அவரேதான்.

கொமுஜுனி அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுந்து வா என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மின்சாரம் வந்தது. பரிகியேயை அழைத்துப்போக அவர்கள் மருந்தறைக்கு வந்தபோது அவன் ஒருத்திக்கு மருந்து கொடுத்து முடித்திருந்தான்; அச்சுப்பெட்டி முனகி ஒரு சீட்டைத் துப்பியது. கொமுஜுனி எட்டிப் பார்த்தாள். கியாரிசீமா, ஆம்பிசிலின் ஊசி, 1 ஜனவரி 1990. ஏழாவது சீட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் எடுத்துப் பையில் திணித்தாள்.

குழுவில் மூன்று பேர். டாக்டர் கபகம்பே நடுவில். ஒரு பக்கம் மாவட்டத்திலிருந்து வந்த தாதியர் அதிகாரி, வாட்டசாட்டமான அம்மாள். மறுபக்கம் நிலையத்தின் மூத்த மருத்துவர், பேசாமல் குறிப்பெடுப்பவர். எதிரில் கெம்பபாசி, கையை மடியில் வைத்துக்கொண்டு.

கொமுஜுனி சீட்டுகளை மேசை மேல் வரிசையாகப் பரப்பினாள். அமன்யா ரோலெக்ஸ் தாளைக் கிழித்துக் கிழித்துக் கிளாசையும் இன்ஸ்டன்சையும் விளக்கினான். மாவட்ட அதிகாரி இரண்டு கேள்வி கேட்டுப் புரிந்துகொண்டார். பரிகியே சொன்னான். துகுமே கடைசியில் கடிதத்தை வைத்தான்.

டாக்டர் கபகம்பே கெட்டிக்காரர். ஒரு நிமிடம் கூட எதிர்த்துப் பேசவில்லை. கடிதம் வேலைப்பளுவில் கவனத்துக்கு வராமல் போயிருக்கிறது, சிஸ்டர் மீது குற்றமில்லை, திங்கட்கிழமையே வேலைக்குத் திரும்பலாம், தவறு புதன்கிழமையே திருத்தப்பட்டுவிட்டது, ஆகவே விஷயம் இதோடு முடிந்தது என்று கோப்பை மூடினார். மூத்த மருத்துவரும் பேனாவை மூடினார். அமன்யா கொமுஜுனியின் காலை மேசைக்கடியில் இடித்தான். ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம்.

கொமுஜுனியால் எழுந்திருக்க முடியவில்லை. பைக்குள் இருந்த ஏழு சீட்டு உறுத்தியது. ஜெயித்த பிறகு எதற்கு அதை வெளியே எடுக்க வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. எடுத்தாள். கெம்பபாசியின் முன் வைத்தாள்.

“சிஸ்டர், இந்த ஏழு பேரும் யாரு? திருத்தின பிறகும் இவங்களுக்கு மட்டும் ஏன் அதே தேதி வருது?”

கெம்பபாசி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “எல்லாரும் பழைய ஆளுங்க. முன்னாடியே ஒரு தடவை வந்துட்டுப் போனவங்க.”

அறையில் முதலில் நிறம் மாறியது துகுமேயின் முகம்தான். அவன் திருத்தியது ஜன்னலைத்தான். நாலு மாதமாக அழிந்துபோன கோப்புகள் அழிந்தது அழிந்தபடியே இருந்தன. திருத்திய ஜன்னல் இப்போது அந்த அழிந்த கோப்பை அப்படியே, ஒரு எழுத்து பிசகாமல், காட்டிக்கொண்டிருந்தது. முன்பாவது பரிகியேக்கு ஜன்னல் காலியாக வருகிறது என்று தெரியும். இப்போது பெயரோடு, எண்ணோடு, நிறைவாக வருகிறது. ‘இல்லை’ என்பதும் நிறைவாக வருகிறது. பழைய ஆள் என்றால் முதல் ஜன்னலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கெம்பபாசி கடைசிச் சீட்டைக் கையில் பிடித்திருந்தாள். “கியாரிசீமா,” என்றாள். “இது எப்ப அச்சாச்சு?”

“நாங்க உள்ளே வர்றதுக்கு முன்னால.”

நாற்காலி பின்னால் விழுந்தது. பத்தொன்பது வருடத்தில் அவள் அந்த வராந்தாவில் ஓடி யாரும் பார்த்ததில்லை என்று பரிகியே பிற்பாடு சொன்னான். கொமுஜுனி முழங்கால் வலியோடு பின்னால் ஓடினாள், அமன்யா அவளை முந்தினான்.

ஊசி போடும் அறையில் வரிசை அப்போதுதான் குறைந்திருந்தது. கியாரிசீமா பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் தூங்கும் பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையின் துணியைத் தோள் வரை சுருட்டியிருந்தாள். புதிதாக வந்த நர்ஸ் பஞ்சால் தோளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மருந்து ஏற்றிய ஊசி தட்டில் இருந்தது. கெம்பபாசி தட்டை அப்படியே எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. பதற்றத்தைக் குரலில் காட்டாமல், உனக்கு ஒத்துக்காத மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

அந்தப் பெண் அவளை வினோதமாகப் பார்த்தாள்.

“போன தடவையே சொன்னேனே சிஸ்டர். பெனிசிலின் போட்டா எனக்குத் தொண்டை அடைச்சுக்கும். நீங்கதான அந்தக் கணினில அடிச்சீங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்தேனே. அடிச்சாச்சு, இனிமே நீ ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டாம்னு சொன்னீங்க.”

கெம்பபாசி அந்தப் பெண்ணின் சுருட்டிய கையை மெதுவாக இறக்கிவிட்டாள். மூன்று நாளாக வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் கபகம்பே வாசல்படியில் நின்றிருந்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாவட்ட அதிகாரி அவரைத் தாண்டி உள்ளே வந்து, மருந்தறையை மூடச் சொன்னார். பிறகு துகுமேயிடம், நாலு மாதத்தில் எத்தனை பேர் என்று கேட்டார்.

“ஆயிரத்து இருநூத்தி முப்பத்தெட்டு.”

அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு பெஞ்சில், கியாரிசீமாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“முதல் பேரைப் படி,” என்றார்.